ஹவாய் பாணி பிரன்ச் கேசரோல்: அன்னாசி, ஹாம், இனிப்பு பன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன பதார்த்தம்?

இனிப்பு பன்னைத் துண்டு துண்டாக வெட்டி, நடுநடுவே ஹாம் (உப்பும் புகையும் ஏற்றிய பன்றி இறைச்சி), அன்னாசி, சீஸ் போட்டு, முட்டையும் பாலும் அடித்து மேலே ஊற்றி, நன்றாக ஊறவிட்டு ஓவனில் வேக வைப்பது. அவ்வளவுதான். பிரன்ச் என்றால் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சாப்பிடுவது, கேசரோல் என்றால் இப்படி ஒரே தட்டில் ஓவனில் வேக வைப்பது. அமெரிக்காவில் விருந்தாளிகள் தங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய ஹாம் வாங்கி மிச்சம் இருக்கும்போதும், காலை பத்து பதினொரு மணிக்கு ஒரே தட்டில் எட்டுப் பேருக்குப் பரிமாற வசதியாக இதைச் செய்வார்கள். முந்தின ராத்திரியே எல்லாம் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் ஓவனைப் போடுவது மட்டும்தான் வேலை.

அளவு சொல்லுங்கள், கதை அப்புறம்.

சரி. 23 செ.மீ. அகலம், 33 செ.மீ. நீளம் உள்ள ஓவன் தட்டுக்கு, எட்டுப் பேருக்கு:

இனிப்பு பன் 12 (சுமார் 340 கிராம்), முட்டை 8, பால் 480 மி.லி., ஹாம் 225 கிராம் சின்னச் சதுரங்களாக, அன்னாசித் துண்டு வடிகட்டிய பிறகு ஒன்றரை கப், துருவிய சீஸ் 200 கிராம், குடைமிளகாய் ஒன்று, வெங்காயம் பாதி, வெங்காயத்தாள் நான்கைந்து தண்டு, மஸ்டர்ட் பேஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் தாராளமாக, வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன்.

பன்னை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் பத்துப் பதினைந்து நிமிடம் காய வையுங்கள். ஓரம் மொறுமொறுவென்று ஆனால் போதும், சிவக்க வேண்டாம். ஹாமை எண்ணெய் இல்லாமல் வாணலியில் வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் போட்டு வெங்காயம், குடைமிளகாய் வதக்கி, அதையும் எடுத்துவிட்டு, கடைசியாக அன்னாசி. தட்டில் மிச்ச வெண்ணெயைத் தடவி, பாதி பன், பாதி ஹாம், பாதி காய், பாதி பழம், பாதி சீஸ், மறுபடி அதே வரிசை. முட்டை, பால், மஸ்டர்ட், உப்பு, மிளகு அடித்து மேலே எல்லா இடத்திலும் படும்படி ஊற்றி, கரண்டியின் முதுகால் லேசாக அழுத்திவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு 180 டிகிரியில், ஃபாயில் மூடி 30 நிமிடம், திறந்து இன்னொரு 20 நிமிடம் போல. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டு வெட்டுங்கள். வெங்காயத்தாளைப் பரிமாறும்போது தூவினால் போதும்.

அன்னாசியும் முட்டையும் ஒன்றாகவா? திகட்டாதா?

அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தள்ளுவண்டியில் விற்பதை வாங்கிச் சாப்பிட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பழத்தின் புளிப்பு, பன்னின் இனிப்பு, ஹாமின் உப்பு, மூன்றும் இருக்கும்போது நன்றாக இருக்கும். உப்புப் பக்கம் குறைந்தால்தான் திகட்டும். அதனால் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள். சிலர் மேலே பிரவுன் சுகர் தூவுகிறார்கள், மேப்பிள் சிரப் ஊற்றுகிறார்கள். என் கணக்கில் அது இனிப்புப் பலகாரம், அதைத் தனியாகச் செய்து மாலையில் காபியோடு சாப்பிடலாம்.

காரம் வேண்டுமென்றால் பச்சை மிளகாய் இரண்டை விதை எடுத்துப் பொடியாக நறுக்கிக் காயோடு வதக்கிக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளை முட்டைக் கலவையில் போட்டால் நிறமும் மங்கும், பச்சை வாசனையும் நிற்கும். கரம் மசாலா வேண்டவே வேண்டாம், ஹாமின் புகை வாசனையை அது அமுக்கிவிடும்.

அன்னாசி டின்னில் வருவதா, நேரில் வாங்கிய பழமா?

இந்தப் பதார்த்தத்தில் தப்பு நடக்கிற இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பச்சை அன்னாசியில் புரோமலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டிப் போடும். சாப்பிட்ட பிறகு நாக்கு எரிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு, ஜெலட்டின் போட்ட இனிப்பில் பச்சை அன்னாசி போட்டால் உறையாமல் தண்ணீராக நிற்பதும் இதனால்தான். நம் தட்டில் முட்டையும் பாலும் சீஸும், எல்லாமே புரதம். பச்சைப் பழத்தை அப்படியே போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் பாலில் ஒரு கசப்பு ஏறியிருக்கும், முட்டையும் ஒழுங்காகப் பிடிக்காது.

டின்னில் வருவதை ஏற்கெனவே சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள், அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். ஆகவே டின் பழத்துக்கு இந்தப் பயம் இல்லை. வாங்கும்போது சர்க்கரைப் பாகில் போட்டதை விட்டுவிட்டுப் பழச்சாற்றிலேயே போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல பழம் கையில் இருந்தால் அதையும் தாராளமாகப் போடலாம், ஆனால் வாணலியில் நன்றாகச் சூடேற்றிய பிறகுதான். சொல்லப்போனால் டின் பழத்தையும் வாணலியில் போட்டே ஆக வேண்டும், காரணம் வேறு: தண்ணீர். வடிகட்டியில் போட்டுக் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு, ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் பெரிய தீயில் போடுங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் தண்ணீர் விட்டுக் கொதிக்கும், கொதிக்கிற சத்தம்தான் கேட்கும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், சுர்ரென்று பொரிகிற சத்தம் வரும், துண்டுகளின் ஓரம் பழுப்பாகும், வாசனை தூக்கும். அப்போது இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் தட்டில் அடுக்க வேண்டும், சூடாகப் போட்டால் சுற்றியிருக்கும் முட்டை அங்கங்கே திரண்டுவிடும்.

பிழிந்த சாற்றைக் கொட்ட வேண்டாம், குடிக்கலாம். ஆனால் பாலுக்குப் பதிலாகக் கலவையில் ஊற்றும் யோசனை வேண்டாம், திரிந்துவிடும்.

அந்த இனிப்பு பன் என்ன ரகம்? சாதா பிரெட் போதாதா?

அமெரிக்கக் கடைகளில் ஹவாயியன் ரோல்ஸ் என்று ஆரஞ்சு நிற பாக்கெட்டில் 12 சேர்ந்து ஒட்டி வரும். அதன் பூர்வீகம் போர்ச்சுகல். 1878-இல் தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்காக மடெய்ரா, அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய போர்ச்சுகீசியர்கள் முட்டை, பால், சர்க்கரை சேர்த்த தங்கள் ரொட்டியையும் கொண்டு போனார்கள். பிறகு ராபர்ட் டைரா என்ற ஜப்பானிய வம்சாவளி ஹவாய்க்காரர் 1950-இல் ஹிலோ ஊரில் ஒரு பேக்கரி போட்டார், 1963-இல் ஹொனலுலுவின் கிங் தெருவுக்கு வந்தார், கிங்ஸ் என்ற பெயர் அங்கேதான் வந்தது, 1977-இல் கலிஃபோர்னியாவில் டாரன்ஸ் என்ற ஊரில் பெரிய ஆலை. இன்று அமெரிக்கா முழுக்கக் கிடைக்கும் கிங்ஸ் ஹவாயியன் அதுதான்.

அது கிடைக்காத இடத்தில் பேக்கரி பால் பன் நன்றாகவே வேலை செய்யும். ஜாம் பன், டூட்டி ஃப்ரூட்டி போட்ட பன் கூடாது. பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்த்த பிரெஞ்சு ரொட்டி) கிடைத்தால் இன்னும் அருமை, விலைதான் கொஞ்சம் கடிக்கும். சாதா சாண்ட்விச் பிரெட்டும் ஆகும், ஆனால் இனிப்பு போய்விடும், அப்புறம் இது சாதாரண முட்டை பிரெட் தட்டு.

எதுவானாலும் காய வைப்பதை விடாதீர்கள். புது பன்னில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, பாலை உள்ளே இழுக்க அதில் இடமில்லை. கலவை அடியில் தங்கி, கீழே பணியாரம் மாதிரி ஒரு தட்டை, மேலே வறண்ட பன் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். முந்தாநாள் வாங்கிய பன் இருந்தால் ஓவனில் காய வைக்கிற வேலை மிச்சம்.

ஹாம் சாப்பிட மாட்டோம். பதிலுக்கு?

பன்றி வேண்டாம் என்றால் டர்க்கி ஹாம், புகையூட்டிய சிக்கன், சிக்கன் சாசேஜ், எதுவும் சரி. உப்பும் புகையும் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மிச்சமான சிக்கன் குழம்புத் துண்டுகளைப் போடலாமா என்று அடிக்கடி வரும் கேள்விக்கு என் பதில், போடலாம், ஆனால் அது வேறு சாப்பாடு.

பன்றி சாப்பிடுபவர்களுக்கு ஹாமைவிட நல்ல யோசனை இருக்கிறது: ஸ்பாம். 1937-இல் அமெரிக்காவின் ஹார்மல் கம்பெனி கொண்டுவந்த டின் இறைச்சி. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தோடு ஹவாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது, இன்றும் அங்கே அதற்கு இருக்கும் மவுசு தனி. 340 கிராம் டின் ஒன்றை ஒரு செ.மீ. சதுரமாக வெட்டி, எல்லாப் பக்கமும் மொறுமொறுப்பாகும்வரை வறுத்துப் போடுங்கள். உப்பு அதிகம், அதனால் கலவையில் உப்பே போட வேண்டாம். பூண்டும் மிளகாயும் போட்ட போர்ச்சுகீசிய சாசேஜும் ஹவாயில் காலை உணவுக்கு ரொம்பப் பழக்கம், கிடைத்தால் விடாதீர்கள்.

முட்டை மட்டும் சாப்பிடுகிற சைவர்களுக்கு, எல்லாரும் பனீரைத்தான் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பனீரில் உப்பும் இல்லை, புகையும் இல்லை, இனிப்போடு இனிப்பாகப் போய்விடும். காளானை 300 கிராம் எடுத்துத் தண்ணீர் சுண்டச் சுண்ட வதக்கி, சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், ஸ்மோக்ட் பாப்ரிகா (புகையூட்டிய, காரம் குறைந்த மிளகாய்த்தூள்) அரை ஸ்பூன் போட்டுப் பிரட்டினால் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

முட்டையே இல்லாமல்?

வேண்டாம். இதைக் கட்டிப் பிடிப்பதே முட்டைதான். கார்ன்ஃப்ளவரும் கடலைமாவும் கரைத்து ஊற்றிச் செய்வதெல்லாம் தின்னலாம், ஆனால் அன்னாசிச் சாற்றோடு சேர்ந்து கொழகொழவென்று வரும். முட்டை சாப்பிடாதவர்கள் அதே பன்னில் சீஸ், வதக்கிய அன்னாசி, குடைமிளகாய் வைத்து வாட்டிச் சாப்பிடுங்கள், பாதி நேரத்தில் வேலை முடியும், ருசியும் நன்றாக இருக்கும்.

ஹவாய்க்காரர்கள் இதைச் சாப்பிடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்க நிலப்பகுதியில் அன்னாசியும் ஹாமும் சேர்ந்தாலே ஹவாயியன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஹவாயியன் பீட்சாவின் கதை தெரியுமே, 1962-இல் கனடாவில், ஒன்டேரியோ மாகாணத்து சாத்தம் ஊரில் உணவகம் நடத்திய சாம் பனோபூலோஸ் என்ற கிரேக்கர் செய்தது, பெயரே அவர் வாங்கிய அன்னாசி டின்னைப் பார்த்து வைத்ததுதான். இந்தக் கேசரோலும் அந்த வழியில் வந்ததே.

ஹவாயில் காலையில் சோறு சாப்பிடுகிறார்கள். சோறு, முட்டை, கூட ஸ்பாமோ போர்ச்சுகீசிய சாசேஜோ. அங்கே இருக்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளில்கூடக் காலையில் இந்தத் தட்டு கிடைக்கும். லோகோ மோகோ என்று இன்னொன்று, சோற்றின் மேல் ஹாம்பர்கர் இறைச்சி, அதன் மேல் முட்டை, அதன் மேல் பழுப்பு நிற கிரேவி, அதுவும் ஹிலோவில் பிறந்ததுதான்.

அன்னாசியே தென் அமெரிக்காவிலிருந்து ஹவாய்க்குப் போனது. ஜேம்ஸ் டோல் 1901-இல் அங்கே கம்பெனி தொடங்கி, 1922-இல் லானாய் தீவையே விலைக்கு வாங்கித் தோட்டமாக்கி, டின்னில் அடைத்து உலகம் முழுக்க அனுப்பியதில்தான் ஹவாய் என்றால் அன்னாசி என்ற நினைப்பு ஊன்றியது. கூலி குறைந்த நாடுகளோடு போட்டிபோட முடியாமல் அந்தத் தொழில் அங்கே சுருங்கிவிட்டது. நீங்கள் வாங்கும் டின்னைத் திருப்பிப் பாருங்கள், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்றுதான் அனேகமாக இருக்கும். ஹவாய் பன் கலிஃபோர்னியாவிலிருந்து, ஹவாய் அன்னாசி தாய்லாந்திலிருந்து! அதனால் ருசி குறையப் போவதில்லை, விருந்தாளியிடம் 'அசல் ஹவாய்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றலாமா? மாம்பழம், வாழைப்பழம்?

தேங்காய்ப்பால் தாராளமாக. பாலில் பாதியை, அதாவது 240 மி.லி.யை, கெட்டித் தேங்காய்ப்பாலாக மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். தேங்காய்ப்பால் ஊற்றும்போது செடார் போன்ற அழுத்தமான ருசியுள்ள சீஸ் ஒத்துப்போகாது, மொசரெல்லா போதும்.

மாம்பழம் வெந்தால் குழைந்துவிடும், பரிமாறும்போது பக்கத்தில் வையுங்கள். பழுத்த வாழைப்பழம் இதில் சேராது. நேந்திரம் பழத்தை வட்டமாக வெட்டி வறுத்துப் போட்டால் பிரமாதமாக இருக்கும், ஆனால் அப்போது அன்னாசியைப் பாதியாகக் குறையுங்கள்.

எந்தச் சீஸ்?

சுவிஸ், மான்டெரே ஜாக், இளம் செடார், ஏதாவது. இந்தியாவில் கிடைக்கும் புராசஸ்டு சீஸில் உப்பு அதிகம், அதைப் போட்டால் உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். மொசரெல்லா என்றால் அப்படியே அரை டீஸ்பூன்.

ராத்திரியே செய்து வைத்தால் கெட்டுப்போகாதா?

ஃபிரிட்ஜில், 4 டிகிரிக்குள், மூடி வைத்தால் கெடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்தான் சரியான அளவு, ஒரு நாளைத் தாண்டினால் பன் கரைந்து கூழாகிவிடும். கலந்த தட்டைச் சமையல் மேடையில் ராத்திரி முழுக்க வைக்கவே கூடாது, பச்சை முட்டை.

கண்ணாடித் தட்டாக இருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சுடு ஓவனில் தள்ளாதீர்கள், விரிசல் விடலாம். ஓவன் சூடாகிற அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். சில்லென்று போவதால் வேக இன்னொரு பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

மேலே சிவந்துவிட்டது, நடுவில் தண்ணீர். வெந்ததா இல்லையா?

நட்ட நடுவில் ஒரு கத்தியை விட்டு, லேசாக விலக்கிப் பாருங்கள். பால் நிறத்தில் ஏதாவது ஊறி வந்தால் முட்டை இன்னும் வேகவில்லை, ஃபாயிலை மறுபடி மூடி எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவான மஞ்சள் நீர் என்றால் அது அன்னாசிச் சாறு, முட்டை வெந்துவிட்டது, பழத்தை அடுத்த முறை இன்னும் வற்ற வையுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டால் அந்த நீரிலும் பாதியைப் பன் இழுத்துக்கொள்ளும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் குழப்பமே இல்லை: நடுவில் 71 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். 80-ஐத் தாண்டவிட்டால் முட்டை இறுகி, தானாகவே தண்ணீர் விடும்.

பன்னில் சர்க்கரை இருப்பதால் மேலே சீக்கிரம் கறுக்கும். அந்த முதல் 30 நிமிட ஃபாயில் அதற்காகத்தான். ஃபாயிலின் உள்பக்கம் எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் சீஸ் முழுக்க அதோடு வந்துவிடும்.

பெரிய ஓவன் இல்லை. ஓடிஜி, மைக்ரோவேவ், குக்கர்?

ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன், நன்றாக ஆகும். சின்ன ஓடிஜியில் பெரிய தட்டு நுழையாது, 20 செ.மீ. சதுரத் தட்டில் எல்லாவற்றையும் பாதியாகப் போட்டு, மொத்தம் 40 நிமிடத்தில் பார்க்க ஆரம்பியுங்கள். மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் தட்டைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் இருந்தால் அதே சூடு, அதே நேரம். வெறும் மைக்ரோவேவில் முட்டை ரப்பராகும். குக்கரில் ஆவியில் வேகும், மூடியில் கோர்க்கும் நீர் சொட்டிச் சொட்டி மேலே நனையும், அந்த மொறுமொறுப்பு வராது. வேறு வழியில்லை என்றால் தட்டை ஃபாயிலால் இறுக்கி மூடி ஆவியில் வேகவைத்து, பிறகு துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டுங்கள். இது நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கும்.

மிச்சம் வந்தால்? கூட என்ன வைப்பது?

ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பன் சவசவவென்று ஆகும், மேலே சொன்ன தோசைக்கல் வழிதான் சிறந்தது, சொல்லப்போனால் முதல் நாளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். ஃபிரீஸரில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் அன்னாசியிலிருந்து நீர் விட்டு எல்லாம் ஊறிப்போகும்.

கூட வைக்க, வெள்ளரிக்காய், வெங்காயம், எலுமிச்சை பிழிந்த சாலட் ஒன்று. தட்டில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் ஜூஸ் வேண்டாம், சர்க்கரை குறைத்த காபியோ டீயோ போதும். ஹாட் சாஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிடுங்கள், கேட்பவர்கள் இருப்பார்கள்.